நான் அறுத்த புல்

ஜனவரி 11, ஞாயிறு

இன்று எலுமிச்சைப் புல்லைத் தூர் பிரித்து நட்டேன். குளியலறைக்குப் பின்னால் இருக்கிற பெரிய புதர், நடுவில் காய்ந்து ஓரத்தில் மட்டும் பச்சையாக இருந்தது. "உள்ள காத்துப் போகாம அடைச்சுக்கிச்சு, பிரிச்சு வையி" என்றாள் அம்மா. கடப்பாரையால் ஒரு பக்கத்தை வேரோடு நெம்பி எடுத்து, தண்டு தண்டாகப் பிரித்து, இலைகளை ஒரு சாண் விட்டு நறுக்கினேன். அப்படியே நட்டால், வேர் பிடிப்பதற்குள் இலையெல்லாம் வாடித் தண்டையும் சாய்த்துவிடும். எதிர்ப்பக்கச் சுவர் ஓரமாக வரிசையாக ஊன்றித் தண்ணீர் விட்டேன்.

கை முழுக்கக் கீறல். இந்தப் புல்லின் ஓரம் பிளேடு மாதிரி. அறுக்கும்போது தெரியாது, சோப்புப் போடும்போதுதான் தெரியும்.

புதருக்குள் பாம்பு இருக்கிறது என்று அத்தை சொல்வாள். அதனால் அதன் பின்பக்கம் யாரும் போவதில்லை. நான் மட்டும் போகிறேன்.

போன வருட அறிவியல் நோட்டில் மிச்சமிருக்கிற பக்கங்களில் இதை எழுதுகிறேன். எல்லாரும் தூங்கிவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று எழுத மாட்டேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

செல்லப்பாண்டி மாமா கரும்போடு வந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறார். வாசலில் நுழையும்போதே வழக்கமான கேள்வி.

"என்ன ரேணு, ஓலை வெட்டிரவா? மாமனுக்கு எப்பத்தான் குச்சு கட்டுற வேலையக் குடுப்ப?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாகூடச் சிரித்தார். "அவசரப்படாதடா, இந்த வருசம் ஆயிருவா" என்றாள் அத்தை.

எங்கள் ஊரில் பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு, அவள் தனியாக உட்காரச் சின்னக் குடிசை, கட்ட வேண்டும். அனுசுயா அக்காவுக்குப் பெரிய மாமா கட்டினார். மைக் செட், ஆடல் பாடல், பந்தி. அப்போது அக்கா பத்தாவது. பந்தியோடு பள்ளிக்கூடமும் முடிந்தது. அடுத்த வருடமே கல்யாணம். இப்போது கம்பத்தில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். போன் செய்தால், "நீ என்ன பாடம் நடத்துறாங்கன்னு சொல்லு" என்று கேட்கிறாள். நான் சொல்லச் சொல்ல ம் ம் என்கிறாள். பிறகு குழந்தை அழும்.

எனக்கு மாப்பிள்ளை இந்த மாமாதான் என்று முன்பே பேசிவைத்திருக்கிறார்கள். அவருக்கு இருபத்தெட்டு, எனக்குப் பதினாலு. மாமாவைப் பிடிக்காது என்றில்லை. சின்ன வயதில் ஜீப்பின் முன் சீட்டில் என்னை உட்காரவைத்து ஹாரன் அடிக்க விடுவார். எனக்கு அந்த மாமா போதும்.

ஜனவரி 19, திங்கள்

மறுபடியும் வந்துவிட்டது. உப்பு ஒரு கை எடுத்தேன்.

ஜனவரி 21, புதன்

சரி, எழுதிவிடுகிறேன். எழுதாமலே இருந்தால் ஒருநாள் வாய் தவறி வெளியே வந்துவிடும்.

நான் வயதுக்கு வந்துவிட்டேன். ஆயுத பூசைக்கு முதல் நாள், பள்ளிக்கூடக் கழிவறையில். யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நெட்டுருப் பாடம் ஒப்பிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கடலை உரித்தேன். அதன்பிறகு மாதாமாதம் அப்படித்தான்.

அம்மாவின் பழைய பாவாடையைக் கிழித்துவைத்திருக்கிறேன். சுடுதண்ணீரில் அலசினால் கறை நின்றுவிடும், பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்தால் போய்விடும். அக்கா துவைக்கும்போது பார்த்துத் தெரிந்துகொண்டது. அலசின தண்ணீரைக் குளியலறைச் சாக்கடையில் விட்டால் அத்தையின் கண்ணில் படும். அதனால் புல் புதரின் பின்பக்கம் ஊற்றுகிறேன். துணியையும் அங்கேயே, சுவருக்கும் புதருக்கும் நடுவில், புல்லின் மேல் விரித்துக் காயவைக்கிறேன். வெயில் நன்றாக விழுகிறது. அத்தை சொன்ன பாம்பு காவல் இருக்கிறது. எடுக்கும்போது துணியில் எலுமிச்சை வாசம்.

பள்ளிக்கூடத்தில் நாப்கின் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் பெயர் எழுத வேண்டும். எழுதுகிற நர்ஸக்கா எங்கள் தெரு.

சின்ன வயதில் கல்யாணம் பேசினால் கூப்பிட வேண்டிய நம்பரும் பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிறது. எனக்கு மனப்பாடம். கூப்பிட்டால் போலீஸ் வருமா? அப்பாவைக் கூட்டிப்போவார்களா? தெரியவில்லை. அதனால் கூப்பிடவில்லை. சொல்லாமல் இருப்பது மட்டும்தான் இப்போது என்னால் முடிகிறது. சொல்லாதவரை நான் சின்னப் பெண். சின்னப் பெண்ணாக இருக்கும்வரை பள்ளிக்கூடம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

சுவர் ஓரம் நட்டதில் எல்லாமே பிடித்துவிட்டது. நடுக்குருத்து விரல் நீளம் வந்திருக்கிறது.

அத்தைக்கு முழங்கால் வலி, சளி. "அந்த வாசப்புல்லுத் தண்ணியப் போடுடி" என்றாள். தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுக்க வேண்டும். அதற்குக் கீழே வெள்ளைத் தண்டில் கத்தி பட்டால் மறுபடி துளிர்க்க நாளாகும். இலையை முடிச்சுப் போட்டு, இஞ்சி நசுக்கி, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவிட்டேன். இலை கரும்பச்சையாகும்போது இறக்கிவிட வேண்டும். விட்டால் கசக்கும்.

"இந்தப் புள்ள போட்டாத்தான் மணக்குது" என்று அத்தை இரண்டு தம்ளர் குடித்தாள்.

அத்தை, அப்பாவின் மூத்த அக்கா. அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். எங்களோடு என்பது தப்பு. நாங்கள்தான் அவளோடு இருக்கிறோம்.

பின்பக்கத் தாழ்வாரத்தில் சித்தி தனித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார், மாதம் ஒருமுறை வருவார். சித்தி பெயர் இந்துமதி. இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் குழந்தை இல்லை என்பதை அத்தை தினமும் ஒரு தடவையாவது யாருக்காவது ஞாபகப்படுத்துகிறாள்.

"இந்து, கறிவேப்பிலைப் பக்கம் போயிராத. கை பட்டா பட்டுப்போகும்" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

"நான் எங்கிட்டும் போகல மதினி, மூணு நாளு லீவுல இருக்கேன்" என்றாள் சித்தி. என்னிடம் மெதுவாக, "உனக்குச் சனி ஞாயிறு, எனக்கு இது" என்று கண்ணடித்தாள்.

அந்தக் கறிவேப்பிலையை நான் நாலு மாதமாக எல்லா நாளும் தொடுகிறேன். தளதளவென்று நிற்கிறது. அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 16, திங்கள்

பின்பக்கம் துணி எடுக்கப் போனேன். துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் மடிக்கவில்லை. பக்கத்தில், பாலிதீன் பையில் சுற்றிய நாப்கின் பாக்கெட் ஒன்று. புதியது, பிரிக்காதது.

யாரோ பார்த்திருக்கிறார்கள்.

யார் என்று யோசிக்கப்போவதில்லை. யோசித்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த முகத்தைப் பார்க்கும்போது என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 25, புதன்

"உப்பு என்ன, எறும்பா தூக்கிட்டுப் போகுது? போன வாரந்தான பொட்டலம் பிரிச்சேன்" என்று அத்தை இன்று அடுப்படியில் நின்று கேட்டாள். எடுத்தது நான். பாக்கெட் தீர்ந்ததும் மறுபடி பாவாடைத் துணிதான்.

"நாந்தான் மதினி. வாய்ப்புண்ணு. கொப்புளிக்க எடுத்தேன்" என்றாள் சித்தி.

"ஒரு கை உப்புக்கு ஆறுற வாய்ப்புண்ணு உனக்கு எதுக்குடி ஆறாம இருக்கு? வாயக் கொறச்சா ஆறும்."

சித்தி சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சாப்பிடும்போது பார்த்தேன். ஊறுகாய் போட்டுத்தான் சாப்பிட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

பூசாரி வீரணன் வந்தார். பங்குனித் திருவிழாவுக்கு வருகிற செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய், பதினேழாம் தேதி, காப்புக் கட்டு.

காப்புக் கட்டினவர்கள் திருவிழா முடிகிறவரை கடையில் டீ குடிக்கக் கூடாது. காலையில் கோயிலில் ஒரு குவளை வாசப்புல்லுத் தண்ணீர்தான். அது எங்கள் வீட்டிலிருந்து போகும். ஊரில் பெரிய புதர் எங்களிடம்தான் இருக்கிறது. முதல் தம்ளர் பூசாரிக்கு, பிறகு தீச்சட்டி எடுக்கிற நாற்பது பேருக்கும். இதில் ஒரு கட்டளை உண்டு. அந்தப் புல்லை, வயதுக்கு வராத பெண்தான் அறுக்க வேண்டும். மற்றவர்கள் கை படக் கூடாது. அக்கா ஏழு வருடம் அறுத்தாள். பிறகு நான்.

"என்ன தாயி, அருவாளத் தீட்டி வச்சுக்க" என்றார் பூசாரி. "இந்த வருசம் நீ இருக்க. அடுத்த வருசத்துக்கு யாரப் பிடிக்கிறதுன்னுதான் யோசன."

அப்பா பெருமையாக, "எங்க வீட்டுல ஆளு இருக்கிறவரைக்கும் கவல இல்ல" என்றார். முதல் நாள் மண்டகப்படி எங்கள் வீட்டுடையது.

அம்மா என்னைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அம்மா எதையுமே கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

மார்ச் 16, திங்கள்

தேதிப்படி நாளைதான் வர வேண்டும். போன மாதம் ஒருநாள் முந்தி வந்தது. இந்த மாதமும் முந்தி வந்திருக்கக் கூடாதா, அல்லது ஒரு வாரம் தள்ளித்தான் போகக் கூடாதா.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். பக்கத்துத் தெருவில் ஐந்தாவது படிக்கிற பெண் ஒன்று இருக்கிறது, அவளை அனுப்பச் சொல்லலாமா? ஏன் என்று கேட்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஏன் என்று கேட்பார்கள்.

அம்மனுக்குக் கோபம் வருமா? உண்மையிலேயே தெரியவில்லை. எனக்குப் பயம்தான்.

மார்ச் 17, செவ்வாய்

விடியும்போதே வந்தது.

குளித்தேன். மஞ்சள் பாவாடை கட்டினேன். அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். அத்தை சூடம் காட்டினாள். புதரின் முன்னால் உட்கார்ந்து, இலைகளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடினேன். பாம்பு கடித்தாலும் கடிக்கட்டும், கை வெட்டுப்பட்டாலும் படட்டும் என்று நினைத்து அறுத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. பனி ஈரத்தோடு வாசம் மூக்கில் ஏறி இரண்டு தும்மல் வந்தது. அவ்வளவுதான்.

பத்துக் கத்தை அறுத்தேன். அண்டாவில் கொதிக்கவைத்து, கோயிலுக்குக் கொண்டுபோய், நானே முதல் தம்ளரை ஊற்றினேன். பூசாரி அண்ணாந்து குடித்துவிட்டு, "அம்புட்டு மணம் தாயி, போன வருசத்த விட நல்லாருக்கு" என்றார். நாற்பது பேரும் வரிசையாகக் குடித்தார்கள். செல்லப்பாண்டி மாமாவும் காப்புக் கட்டியிருக்கிறார். மூன்று தம்ளர் குடித்தார்.

ராத்திரிவரை காத்திருந்தேன். யாருக்கும் வாந்தி இல்லை, பேதி இல்லை. வானம் இடியவில்லை. கணக்கு வீட்டுப்பாடம் முடித்தேன்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஆனால் பயத்துக்குப் பக்கத்தில் வேறு ஒன்றும் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சிரிப்பு வருகிறது.

மார்ச் 19, வியாழன்

புதரின் பின்பக்கம் மஞ்சளாகிவிட்டது. முன்பே லேசாக இருந்தது. இன்று பார்த்தால், இலை நுனி கருகி, பாதிவரை வைக்கோல் மாதிரி. முன்பக்கம் பச்சை. பின்பக்கம் மட்டும்.

ஒரு கணம் எனக்கே திக்கென்றது. தீட்டுக் கை பட்டால் பட்டுப்போகும் என்று அத்தை சொல்வது உண்மைதானோ?

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். கை பட்டதால் என்றால் முன்பக்கம்தான் கருக வேண்டும். தினமும் அறுப்பது அங்கேதான். பின்பக்கம் நான் அறுப்பதேயில்லை, துணி காயவைத்துத் தண்ணீர் ஊற்றுவதோடு சரி. உப்புத் தண்ணீர். மாதாமாதம். உப்புப் பட்ட இடத்தில் புல் முளைக்குமா? ஒன்பதாவது படிக்கிற எனக்கு இது இத்தனை நாள் தோன்றவில்லை.

யாரும் பார்ப்பதற்குள் உப்பு கீழே இறங்கட்டும் என்று குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றினேன். "கோடையில இம்புட்டுத் தண்ணிய எங்கிட்டுடி ஊத்துற?" என்று அத்தை கேட்டாள். புல்லுக்கு என்றேன். பொய் சொல்லவில்லை.

மார்ச் 20, வெள்ளி

அத்தை பார்த்துவிட்டாள்.

இவ்வளவு தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கத்தான் போயிருக்கிறாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீடு சாவு வீடு மாதிரி இருந்தது. துணி எதுவும் அங்கே இல்லை. நேற்றே எடுத்துவிட்டிருந்தேன்.

"சாமிக்குப் போற புல்லுடி! பாதி பட்டுப் போயிருக்கு. வீட்டுக்குத் தூரமான நேரத்துல எவளோ அதத் தொட்டிருக்கா. இந்த வீட்டுல அது யாரு?" அத்தை நேராகச் சித்தியைப் பார்த்தாள். "வயித்துல ஒண்ணு தங்கல. தொட்டதும் தங்கல. இன்னும் எதையெல்லாம் பட்டுப்போக வைக்கப்போற?"

அம்மா, "மதினி, பொழுதடைஞ்ச நேரத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

நான் வாசலில் பையோடு நிற்கிறேன். சித்தி என்னைப் பார்த்தாள். உப்புப் பொட்டலத்தன்று சிரித்த அதே முகம். பிறகு அத்தையிடம் திரும்பி, "ஆமா, தொட்டேன். மறந்துபோய்த் தொட்டுட்டேன். இப்ப என்ன செய்யணும்?" என்றாள்.

சித்தி தொடவில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் அப்படிச் சொன்னாள் என்றும் தெரியும். பாக்கெட் வைத்தது யார் என்றும் எனக்கு அன்றைக்கே தெரியும்.

நாளை பூசாரியைக் கூட்டிவந்து கேட்கப் போகிறார்கள். சாயங்கால பஸ்ஸில் சித்தியைச் சின்னமனூருக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அனுப்புவது என்று அத்தை முடிவு செய்துவிட்டாள். எப்போது திரும்ப அழைப்பது என்று அவள் சொல்லவில்லை.

நான் வாய் திறந்தால் பள்ளிக்கூடம் போய்விடும். திறக்காவிட்டால் சித்தி போய்விடுவாள். ராத்திரி முழுவதும் இதையே கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 21, சனி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

பூசாரி மத்தியானம் வந்தார். அத்தை, அப்பா, அம்மா எல்லாரும் முற்றத்தில். சித்தியின் பை வாசலில் கட்டி வைத்திருந்தது. பூசாரி பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"தீட்டுக் கைதான். சந்தேகமே இல்ல. அந்தக் கை இந்த வீட்டுல இருக்கக் கூடாது. திருவிழா முடியட்டும், பெறகு பாப்போம்" என்றார். "தொண்ட வறளுது. அந்தத் தண்ணியக் குடு தாயி."

நான் தம்ளரைக் கொடுத்தேன். அண்ணாந்து ஊற்ற ஆரம்பித்தார்.

"அதுவும் தீட்டுக் கை அறுத்ததுதான்" என்றேன்.

குரல் என்னுடையது மாதிரியே இல்லை. பூசாரிக்குப் புரையேறி, பாதி தண்ணீர் கழுத்து வழியாக மார்பில் இருந்த சந்தனத்தில் ஓடியது.

"என்ன சொன்ன?"

"சித்தி தொடல. நான்தான். ஆயுத பூசைக்கு மொத நாளே நான் வயசுக்கு வந்துட்டேன். யார்ட்டயும் சொல்லல."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தை, "என்னடி ஒளறுற?" என்றாள்.

"ஒளறல. ஆறு மாசமா நீங்க குடிச்ச தண்ணியெல்லாம் நான் அறுத்த புல்லு. உங்க முழங்கால் வலிக்குப் போட்டது, சளிக்குப் போட்டது, எல்லாம். காப்புக் கட்டுன அன்னிக்கு எனக்கு மொத நாளு. மொதத் தம்ளர் உங்களுக்குத்தான் ஊத்துனேன் பூசாரியய்யா. போன வருசத்த விட மணமா இருக்குன்னு சொன்னீங்க."

அத்தை அறைந்தாள். காது ரீங்கரித்தது. சித்தி எழுந்து குறுக்கே வந்தாள். நான் அவள் கையை விலக்கினேன்.

"அடிங்க அத்தே. ஆனா புல்லு தீட்டால கருகல. கற போக உப்புப் போட்டு அலசுவேன், அந்தத் தண்ணிய அங்கதான் ஊத்துனேன். உப்புக்குத்தான் கருகிருக்கு. சுவரோரம் இருக்கிறதும் என் கை நட்டதுதான். போய்ப் பாருங்க, இடுப்புயரம் நிக்குது."



பூசாரி எழுந்து மறுபடி பின்பக்கம் போனார். நெடுநேரம் வரவில்லை. அப்பா வாசல் கதவைச் சாத்தினார். அவர் முதலில் கேட்டது என்னைப் பற்றி அல்ல.

"ஊருக்குத் தெரிஞ்சா என்னய்யா ஆகும்?" என்று, பூசாரி திரும்பியதும் கேட்டார்.

பூசாரி துண்டால் மார்பைத் துடைத்தார். "தெரிஞ்சா, நாப்பது பேரு காப்பையும் அவுக்கணும். கொடிய எறக்கணும். கோயிலக் கழுவி விடணும். உன் மண்டகப்படியும் சேந்து போகும். மொதல்ல குடிச்சவன் நானு, பூசாரித்தனமும் போயிரும்." துண்டை உதறித் தோளில் போட்டார். "செவ்வாக்கெழமைலருந்து நாலஞ்சு நாளாச்சு. ஒருத்தனுக்கும் ஒரு தலவலிகூட இல்ல."



"புல்லுல உப்புத் தண்ணி பட்டிருச்சு. அம்புட்டுத்தான் நடந்துச்சு" என்றார்.

"அப்ப இவ?" என்றாள் அத்தை.

பூசாரி என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டினார். "நேத்து வரைக்கும் சின்னப்புள்ள. இன்னைக்கும் சின்னப்புள்ளதான். நாளைக்கும் இவளே அறுக்கட்டும். ஆள மாத்துனா ஏன்னு கேப்பாக."

சித்தியின் பையை அம்மா உள்ளே எடுத்துவந்தாள். யாரும் சொல்லாமலே எடுத்துவந்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் புல் அறுத்தேன். அத்தைதான் அரிவாளைக் கொடுத்தாள். என் விரல் தன்மேல் படாதபடி கீழே வைத்தாள்.

மத்தியானம் அப்பாவிடம் அத்தை ரகசியம் பேசினாள். சமையலறையிலிருந்து எல்லாம் கேட்டது. "திருவிழா முடியட்டும். சித்திரையில இப்பத்தான் ஆன மாதிரி குச்சு கட்டிருவோம். செல்லப்பாண்டிட்டச் சொல்லிப் பத்தாவதுக்கு முந்தியே..."

நான் இதை நினைத்திருக்கவில்லை. ஒரு நிமிடம் எல்லாம் முடிந்துவிட்டது என்றே தோன்றியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன்.

"கட்டுங்க அத்தே" என்றேன். "குச்சு கட்டுனா மைக் செட் வைப்பீங்கல்ல? அக்காவுக்கு வச்ச மாதிரி?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"காப்புக் கட்டுன நாப்பது பேரும் பந்தியில உக்காந்திருப்பாங்க. நான் எப்ப வயசுக்கு வந்தேன்னு அந்த மைக்குல நானே சொல்லுவேன். தேதியோட."

அத்தை கை ஓங்கினாள். ஆனால் அடிக்கவில்லை. "எங்கிருந்துடி வந்துச்சு இம்புட்டு வாயி?" என்றாள். அப்பாவிடம், "உன் மகதானடா? கேளு" என்றாள். அப்பா கேட்கவில்லை. பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருக்கிறாரோ என்று பார்த்தேன். நேராகத்தான் பிடித்திருந்தார். ஆனால் பக்கம் திருப்பவே இல்லை.

"நான் பன்னெண்டாவது முடிக்கணும். அதுவரைக்கும் நான் சின்னப்புள்ளதான். பூசாரியே சொல்லிட்டாரு."

உள்ளே வந்ததும் வாந்தி எடுத்தேன். சித்தி தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் என்னமோ உன்னக் காப்பாத்துறேன்னு நெனச்சேன்" என்றாள்.

"காப்பாத்துனீங்க சித்தி."

"போடி. பூசாரி சந்தனம் வழிஞ்சுச்சு பாரு, அதுக்கே நான் சின்னமனூருக்கு நடந்தே போயிருப்பேன்."

வாயைப் பொத்திக்கொண்டு இருவரும் சிரித்தோம்.

மார்ச் 23, திங்கள்

பள்ளிக்கூடம் போனேன். வேதியியலில் கரைசல்கள். உப்பைப் பற்றி மிஸ் கேள்வி கேட்டார். நான்தான் பதில் சொன்னேன்.

மார்ச் 25, புதன்

நேற்று தீச்சட்டி, இன்று மஞ்சள் தண்ணீர். திருவிழா முடிந்தது. யார் கையும் சுடவில்லை. நாற்பது பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

புதரின் கருகின பகுதியைத் தோண்டி எடுத்துவிட்டு, அங்கே மண் மாற்றிக் குப்பை போட்டேன். அம்மாவும் வந்து மண் அள்ளினாள். எழுந்திருக்கும்போது, "ஈரத் துணியப் போட்டு ஒடம்பக் கெடுத்துக்காத. காயவைக்கக் கொடியில ஒரு ஓரம் ஒதுக்கித் தாரேன்" என்றாள். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

சாயங்காலம் செல்லப்பாண்டி மாமா காப்பை அவிழ்த்துவிட்டு வந்தார். உடம்பெல்லாம் மஞ்சள், கையில் பொரிகடலைப் பை. எல்லாரும் முற்றத்தில் இருந்தோம்.

"என்ன ரேணு, திருவிழா முடிஞ்சிருச்சு. மாமன் ஓலை வெட்டவா?"

யாரும் சிரிக்கவில்லை. அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை தன் முழங்காலைப் பார்த்தாள். மாமா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"சின்னப் புள்ளகிட்ட என்னடா பேச்சு இது?" என்றாள் அத்தை. சொல்லுக்குச் சொல் பல் வலிக்கிற மாதிரி சொன்னாள். "அது படிக்கட்டும்."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீதான மதினி சொன்ன, இந்த வருசம்னு?"

அப்போதுதான் அம்மா பேசினாள். இந்த முற்றத்தில் அம்மா இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"பன்னெண்டாவது முடிக்கட்டும் தம்பி. அதுக்கப்புறமும் அவளக் கேட்டுத்தான். அவ வேணாம்னா வேணாம்."

சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு இன்னும் பயம்தான். நாளைக்கு அத்தை மனம் மாறலாம், அப்பா மாறலாம், மூன்று வருடம் என்பது நீளம். ஆனால் நான் தலை குனியவில்லை. சமையலறைக்குப் போய்ச் சட்டியில் மிச்சமிருந்ததைச் சூடு பண்ணி, ஒரு தம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து மாமாவிடம் நீட்டினேன்.

"காலையில அறுத்தது மாமா. குடிங்க."

வீடே அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா கடைசிச் சொட்டுவரை குடித்தார். நல்லா இருக்கு என்றார்.